செஷனுக்குள் தரவுத்தள இணைப்பு: ஏன் நிற்காது, எப்படி மாற்றி எழுதுவது

உள்நுழைவுப் பக்கம் ஒழுங்காக வேலை செய்கிறது. அடுத்த பக்கத்துக்குப் போனால் விழுந்துவிடுகிறது. பிஎச்பி எழுத வந்த புதிதில் இந்த நோய்க்கு மருந்து தேடி ஒரு முழு இரவைத் தொலைத்திருக்கிறேன். சிறிய புத்தக விற்பனைத் தளம் அது. ‘கூடை’ என்று ஒரு கிளாஸ், அதாவது ஆப்ஜெக்ட்டுகளை வார்க்கும் அச்சு. அதன் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே, அதாவது ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடும் பகுதியிலேயே, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு பேசும் மைஎஸ்கியூஎல்ஐ இணைப்பைத் திறந்து, ஆப்ஜெக்ட்டின் உள்மதிப்பான ஒரு பிராபர்ட்டியில் வைத்திருந்தேன். அந்தக் கூடையை அப்படியே தூக்கி, பார்வையாளரின் விவரங்களைப் பக்கத்துக்குப் பக்கம் கொண்டுசெல்லும் செஷனில் போட்டேன். முதல் பக்கத்தில் புத்தகம் கூடைக்குள் போனது. இரண்டாம் பக்கத்திலும் கூடை இருந்தது, எண்ணிக்கைகூடச் சரியாக இருந்தது. விலையைக் கேட்டால் மட்டும், மைஎஸ்கியூஎல்ஐ-யை எடுக்க முடியவில்லை என்று ஓர் எச்சரிக்கை. கடவுச்சொல் தவறோ, சர்வர் படுத்துவிட்டதோ என்று எங்கெங்கோ தேடினேன். இணைப்பு என்ற பெயரில் அந்த ஆப்ஜெக்ட்டுக்குள் இருந்தது வெறும் ஏட்டுச் சுரைக்காய்.

அதே குழியில் விழுந்தவர்களுக்காக, கோளாறைக் கண்டுபிடிப்பதில் தொடங்கி, மாற்றி எழுதி வெளியிடுவது வரை வரிசையாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகள் பிஎச்பியில் இருக்கும். ஜாவா, ஜாங்கோ எழுதுபவர்களுக்கும் சிக்கல் ஒன்றுதான், பெயர்கள்தான் வேறு.

செஷன் கோப்பைத் திறந்து பாருங்கள்

நிரலைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். உபுண்டு, டெபியன் சர்வர்களில் செஷன் கோப்புகள் வழக்கமாக ‘வார்’ அடைவில், ‘லிப்’பில் உள்ள ‘பிஎச்பி’க்குள், ‘செஷன்ஸ்’ என்ற இடத்தில் இருக்கும். அந்த அடைவைப் பட்டியலிடச் சாதாரணப் பயனருக்கு அனுமதி கிடையாது. ரூட் உரிமையோடு போக வேண்டும். ஒவ்வொரு கோப்பின் பெயரும் ‘செஸ்’ என்று தொடங்கி, ஓர் அடிக்கோடு போட்டு, பிரௌசர் குக்கியில் இருக்கும் அதே நீண்ட அடையாளத்தோடு முடியும். உங்கள் குக்கிக்கு உரிய கோப்பைத் திறங்கள்.

உள்ளே ஒரே ஒரு நீண்ட வரி இருக்கும். செஷன் அணியின் (மதிப்புகளைப் பெயரோடு வைக்கும் பட்டியலின்) சாவிப் பெயர், ஒரு செங்குத்துக் கோடு, பிறகு மதிப்பு. ‘ஐ’ என்று தொடங்கினால் முழு எண். ‘எஸ்’ என்று தொடங்கினால் எழுத்துச் சரம். பக்கத்திலேயே அது எத்தனை பைட் நீளம் என்ற எண் இருக்கும். ‘ஏ’ என்றால் அணி. ‘ஓ’ என்றால் ஆப்ஜெக்ட். கிளாஸின் பெயரும், அதன் பிராபர்ட்டிகள் ஒவ்வொன்றும் பின்னாலேயே வரும். கிளாஸில் எழுதிய செயல்பாடுகள் எதுவும் அங்கே இருக்காது. பெயரும் மதிப்புகளும்தான். இப்படி ஆப்ஜெக்ட்டை எழுத்தாக்குவதைத்தான் சீரியலைஸ் செய்வது என்கிறோம்.

இதைக் கண்ணால் ஒருமுறை பார்த்தவருக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். செஷன் என்பது நினைவகத்தில் ஆப்ஜெக்ட் உட்கார்ந்திருக்கும் நாற்காலி என்றுதான் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் கோரிக்கை முடிந்ததும் எல்லாம் கலைந்துவிடுகிறது. எழுத்தில் வடிக்க முடிந்தது மட்டும் கோப்பில் தங்குகிறது. அடுத்த கோரிக்கையில் செஷனைத் தொடங்கும்போது, அந்த எழுத்தைப் படித்துப் புதிய ஆப்ஜெக்ட் ஒன்று கட்டப்படுகிறது. அப்போது கன்ஸ்ட்ரக்டர் ஓடாது. இந்த ஒரு வரியை மறந்ததுதான் என் இரவைத் தின்றது.

இணைப்பை ஏன் எழுத முடியாது

நண்பரின் தொலைபேசி எண்ணை டைரியில் எழுதிவைக்கலாம். அவரோடு இப்போது பேசிக்கொண்டிருக்கும் அழைப்பை எழுதிவைக்க முடியுமா? தரவுத்தள இணைப்பு அந்த அழைப்பைப் போன்றது. இந்த முனையில், உங்கள் பிஎச்பி ப்ராசஸுக்கு இயங்குதளம் கொடுத்த ஒரு சாக்கெட், அதாவது தொடர்பு முனை. அந்த முனையில், மைஎஸ்கியூஎல் சர்வருக்குள் உங்களுக்கென ஒதுக்கிய ஒரு த்ரெட், அதாவது தனி வேலை இழை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் என்றால் ஒரு தனி ப்ராசஸே. முடிக்காத டிரான்சாக்‌ஷன், தற்காலிக அட்டவணை, பூட்டுகள், பயனர் மாறிகள் எல்லாம் அந்த முனையில் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் எதை எழுதிவைத்தாலும் அவை திரும்ப வராது. கோரிக்கை முடிந்து இணைப்பு மூடியதும் முடிக்காத டிரான்சாக்‌ஷனை மைஎஸ்கியூஎல் ரத்துசெய்து பழைய நிலைக்குத் திருப்பிவிடும், தற்காலிக அட்டவணைகளை அழித்துவிடும்.

ஒரு பேச்சுக்கு, ஏதோ மாயத்தால் இணைப்பை உயிரோடு செஷனில் வைக்க முடிகிறது என்றே கொள்வோம். பிஎச்பி செஷனின் இயல்பான ஆயுள் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். மைஎஸ்கியூஎல் ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகளின் இயல்பான வரம்பு 151. ஆளுக்கொரு இணைப்பு என்றால், 24 நிமிடத்துக்குள் வரும் 152-ஆவது வாடிக்கையாளருக்குக் கதவு சாத்தப்படும். முன்னால் வந்த 151 பேரில் பெரும்பாலோர் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள். ஆகவே இணைப்பைச் சேமிக்க முடியவில்லையே என்று வருத்தப்பட ஒன்றுமில்லை. முடிந்திருந்தால்தான் ஆபத்து.

படி 1: ஒளிந்திருக்கும் இணைப்பைக் கண்டுபிடியுங்கள்

நோயின் அறிகுறி நீங்கள் எந்த வழியில் தரவுத்தளத்தோடு பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மிகப் பழைய மைஎஸ்கியூஎல் செயற்கூறுகளில் இணைப்பு என்பது ‘ரிசோர்ஸ்’ வகை மதிப்பு. அதைச் சீரியலைஸ் செய்தால் சத்தமில்லாமல் 0 என்ற எண்ணாக மாறிவிடும். 2015-இல் வந்த பிஎச்பி 7 அந்தச் செயற்கூறுகளையே நீக்கிவிட்டது என்றாலும், பழைய நிரலைப் பராமரிப்பவர்கள் இன்னும் இதைப் பார்க்கலாம். மைஎஸ்கியூஎல்ஐ, என் கதையில் நடந்ததுபோல, பழைய பதிப்புகளில் வெற்றுக் கூடாகத் திரும்பி வந்தது.

தரவுத்தளத்தோடு பேசப் பிஎச்பி தரும் இன்னொரு வழியான பிடிஓ நேர்மையாக நடந்துகொள்கிறது. பிடிஓ ஆப்ஜெக்ட்டைச் சீரியலைஸ் செய்ய முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லி எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) வீசுகிறது. ஆனால் அது வரும் நேரத்தைக் கவனியுங்கள். செஷனை எழுதும் வேலை நிரல் முழுதும் ஓடி முடிந்த பிறகு நடக்கிறது. அதனால் பிழைச் செய்தியில் கோப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘நோ ஆக்டிவ் ஃபைல்’ என்றும், வரி எண் 0 என்றும் இருக்கும். எந்தக் கோப்பிலும் இல்லாத பூஜ்யமாவது வரியில் பிழை! பிழைப் பதிவேடான லாகில் இப்படி ஒன்றைக் கண்டால் முதலில் செஷனைச் சந்தேகியுங்கள்.

குற்றவாளியைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. நிரலின் கடைசியில், செஷன் அணியின் சாவிகள்மேல் ஒரு சுழற்சி போட்டு, ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியே சீரியலைஸ் செய்து பாருங்கள். ஒவ்வொன்றையும் ‘ட்ரை’, ‘கேட்ச்’ இரண்டுக்கும் நடுவே வையுங்கள். எக்ஸெப்ஷன் வந்தால் சாவியின் பெயரை லாகில் எழுதுங்கள். பழைய மைஎஸ்கியூஎல்ஐ எக்ஸெப்ஷன் வீசாது என்பதால், கிடைத்த எழுத்துச் சரத்துக்குள் மைஎஸ்கியூஎல்ஐ என்ற கிளாஸ் பெயர் வருகிறதா என்றும் சேர்த்துத் தேடுங்கள்.

சாவி கிடைத்தாலும் இணைப்பு மேலாகவே தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். கூடைக்குள் விலைப்பட்டியல், விலைப்பட்டியலுக்குள் லாகர், லாகருக்குள் பிடிஓ என்று மூன்று படி உள்ளே இருக்கும். சீரியலைஸ் என்பது சங்கிலியை இழுப்பது போன்றது. ஒரு கண்ணியைப் பிடித்தால் மாலை முழுவதும் வரும். போகிற வழியில் பெயரற்ற செயற்கூறான க்ளோஷர் ஒன்று இருந்தாலும் எழுதுவது முறிந்துவிடும், அதையும் பிஎச்பியால் சீரியலைஸ் செய்ய முடியாது.

படி 2: ஆளையும் கருவியையும் பிரியுங்கள்

இதுதான் உண்மையான தீர்வு. மற்றவையெல்லாம் ஒட்டுப்போடுவதுதான்.

செஷனில் இருக்க வேண்டியது ‘இவர் யார், எந்த நிலையில் இருக்கிறார்’ என்பது. எதைக் கொண்டு வேலை செய்கிறோம் என்பது அங்கே இருக்கக் கூடாது. என் புத்தகக் கூடையில் செஷனுக்கு உரியது என்ன? 412-ஆம் எண் புத்தகம் 2 பிரதி, 97-ஆம் எண் புத்தகம் 1 பிரதி. இரண்டு சாவி, இரண்டு எண் கொண்ட ஓர் அணி. அவ்வளவுதான். தலைப்பு, விலை, இருப்பு எல்லாம் தரவுத்தளத்தில் இருக்கின்றன, காட்டும்போது கேட்டுக்கொள்ளலாம்.

எனவே கிளாஸை இரண்டாக உடையுங்கள். ஒன்று, கூடை: எண்ணையும் அளவையும் மட்டும் அறிந்தது, தரவுத்தளம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியக் கூடாது. இன்னொன்று, விலை பார்ப்பவர்: கன்ஸ்ட்ரக்டரில் பிடிஓ-வைப் பெற்றுக்கொள்ளும், செஷன் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியக் கூடாது. கோரிக்கை தொடங்கும்போது செஷனிலிருந்து அணியை எடுத்துக் கூடையைக் கட்டுங்கள். மொத்தத் தொகை வேண்டுமென்றால், விலை பார்ப்பவரிடம் கூடையைக் கொடுத்துக் கேளுங்கள். முடிந்ததும் கூடையிலிருந்து அணியை மட்டும் செஷனுக்குத் திருப்பிக் கொடுங்கள். கூடை ஆப்ஜெக்ட்டையே செஷனில் வைத்தாலும் இப்போது உடையாது. ஆனாலும் நான் அணியாகத்தான் வைப்பேன். ஏன் என்பது கடைசிப் படியில் தெரியும்.

பயனர் ஆப்ஜெக்ட்டுக்கும் இதே கதைதான். உள்நுழைந்தவுடன் தரவுத்தள அட்டவணையில் உள்ள பயனரின் முழு வரிசையையும் ஆப்ஜெக்ட்டாக்கிச் செஷனில் போடுவது பரவலான பழக்கம். இணைப்பு உள்ளே இல்லாவிட்டாலும் இதில் ஒரு கெடுதல் உண்டு. காலையில் நிர்வாகியாக உள்நுழைந்தவரின் அதிகாரத்தை மதியம் பறிக்கிறீர்கள், தரவுத்தளத்தில் மாறிவிட்டது. அவருடைய செஷனிலோ காலையில் எழுதிய நகல் இருக்கிறது. வெளியேறும் வரை அவர் நிர்வாகிதான். பயனரின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோரிக்கையிலும் வரிசையைப் புதிதாகப் படித்தால் இந்தத் தொல்லை இல்லை. முதன்மைச் சாவியை வைத்து ஒரு வரிசையைப் படிப்பது தரவுத்தளத்துக்குக் கிள்ளுக்கீரை.

வலைத்தளங்களை எழுத உதவும் பெரிய கட்டமைப்புகள் எல்லாம் இந்த முடிவுக்குத்தான் வந்திருக்கின்றன. ஜாங்கோ, உள்நுழைந்தவரைப் பற்றிச் செஷனில் வைப்பவை மூன்றே: பயனர் எண், எந்த வழியில் சரிபார்த்தது என்பது, கடவுச்சொல் மாறினால் தெரிந்துகொள்ள ஒரு ஹேஷ் (சுருக்க அடையாளம்). 2013-இல் வந்த 1.6 பதிப்பிலிருந்து அது செஷனை இயல்பாக ஜேசன் என்ற எளிய எழுத்து வடிவில்தான் எழுதுகிறது. பைத்தான் ஆப்ஜெக்ட்டைத் திணிக்கவே வழியில்லை. சிம்ஃபனி பயனர் ஆப்ஜெக்ட்டைச் செஷனில் வைக்கிறது, ஆனால் ஒவ்வொரு கோரிக்கையிலும் அதைத் தரவுத்தளத்திலிருந்து புதுப்பித்துக்கொள்கிறது. லாராவெல்லின் மாடல் ஆப்ஜெக்ட் தன்னுள் வைத்திருப்பது இணைப்பின் பெயரைத்தான், இணைப்பை அல்ல. டைரியில் எழுதிய தொலைபேசி எண் அது.

படி 3: பிரிக்கவே முடியாத பழைய கிளாஸ் என்றால்

சில நேரம் கையில் கிடைப்பது மூவாயிரம் வரிக் கிளாஸ். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், தொட்டால் எங்கே உடையும் என்று தெரியாது, வாடிக்கையாளர் நாளைக்கே வேண்டும் என்கிறார். அப்போது இணைப்பை மட்டும் கழற்றிவிட்டு மற்றதை எழுதச் சொல்லலாம்.

இதற்குப் பிஎச்பியில் ‘ஸ்லீப்’, ‘வேக்அப்’ என்று இரண்டு மாயச் செயல்பாடுகள் நெடுங்காலமாக உண்டு. எழுதுவதற்கு முன் முதலாவதும், படித்த பின் இரண்டாவதும் தானாக ஓடும். எந்தப் பிராபர்ட்டிகளை எழுதலாம் என்ற பட்டியலை ஸ்லீப் திருப்பித் தர வேண்டும். தேடினால் எங்கும் கிடைப்பது பிஎச்பியின் அதிகாரப்பூர்வக் கையேட்டில் உள்ள எடுத்துக்காட்டுதான்: ‘கனெக்‌ஷன்’ என்று ஒரு கிளாஸ்; ஸ்லீப்பில் சர்வர் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் எழுதுகிறது; வேக்அப்பில் மறுபடி இணைக்கிறது.

தயவுசெய்து அதை அப்படியே நகலெடுக்காதீர்கள். அது கற்றுத்தரும் நுட்பம் சரி. ஆனால் செஷன் கோப்பைத் திறந்து பார்க்கச் சொன்னேனே, அந்த எடுத்துக்காட்டைச் செஷனோடு சேர்த்தால் உங்கள் தரவுத்தளக் கடவுச்சொல் அந்தக் கோப்பில் பச்சையாக எழுதப்பட்டிருக்கும், ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஒரு பிரதி என்ற கணக்கில். செஷனை ரெடிஸ் என்ற நினைவகத் தரவுக் கிடங்கிலோ தரவுத்தள அட்டவணையிலோ வைக்கும் தளமென்றால் கடவுச்சொல் அங்கும் போகும், அவற்றின் பேக்கப் பிரதிகளுக்கும் போகும்.

வேக்அப்பில் இணைப்பதும் நல்லதல்ல. வேக்அப் ஓடுவது செஷனைத் தொடங்கும் நொடியில். தரவுத்தளமே தேவைப்படாத ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்கும் ஓர் இணைப்பு திறக்கும். தரவுத்தளம் படுத்திருந்தால், ‘சிறிது நேரம் கழித்து வாருங்கள்’ என்று நாகரிகமாகச் சொல்வதற்கு முன்பே, செஷனைத் தொடங்கும் வரியிலேயே எக்ஸெப்ஷன் வெடிக்கும்.

நான் செய்வது இது. பிஎச்பி 7.4-லிருந்து ‘சீரியலைஸ்’, ‘அன்சீரியலைஸ்’ என்ற பெயரிலேயே, முன்னால் இரண்டு அடிக்கோடு போட்ட புதிய மாயச் செயல்பாடுகள் இருக்கின்றன. இரண்டு வகையும் ஒரே கிளாஸில் இருந்தால் புதியவைக்கே முன்னுரிமை. எழுதும் செயல்பாட்டில், தேவையான மதிப்புகளை மட்டும் ஓர் அணியாக நானே கையால் கட்டித் திருப்புகிறேன். இணைப்பும் கடவுச்சொல்லும் அதில் இல்லை. படிக்கும் செயல்பாட்டில் அந்த அணியை எடுத்து நிரப்பிவிட்டு, இணைப்புப் பிராபர்ட்டியை ‘நல்’ என்று, அதாவது வெறுமையாக, வைத்துவிடுகிறேன். எதையும் இணைப்பதில்லை.

அடுத்து, கிளாஸுக்குள் இணைப்பை நேரடியாகத் தொடும் இடங்களையெல்லாம் ஒரே ஒரு செயல்பாட்டின் வழியாகத் திருப்ப வேண்டும். ‘இணைப்பைக் கொடு’ என்று ஒன்று எழுதுங்கள். நல் என்றால் சூழல் மாறிகளிலிருந்தோ அமைப்புக் கோப்பிலிருந்தோ விவரங்களைப் படித்து அப்போது திறக்கும்; ஏற்கெனவே திறந்திருந்தால் அதையே கொடுக்கும். மூவாயிரம் வரியில் தேடி மாற்றுவது அரை நாள் வேலை, சலிப்பான வேலை. ஆனால் ஆபத்தில்லாதது. இணைப்பிலிருந்து பிறந்த பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் (முன்கூட்டித் தயாரித்த வினவல்) ஏதேனும் பிராபர்ட்டியில் இருந்தால் அதையும் விட்டுவிட மறக்காதீர்கள்; அதையும் எழுத முடியாது.

ஜாவா எழுதுபவர்களுக்கு இதே வேலையை ‘டிரான்சியன்ட்’ என்ற ஒற்றைச் சொல் செய்கிறது. ஜாவா வலைச் சர்வரான டாம்கேட், நிறுத்தும்போது செஷன்களைக் கோப்பில் எழுதி, தொடங்கும்போது படிக்கக்கூடியது. அதனால் இந்தக் கோளாறு ஜாவாவில் பல மாதம் ஒளிந்திருந்து, சர்வரை மறுதொடக்கம் செய்யும் நாளில் தலைகாட்டும்.

படி 4: ஒவ்வொரு முறையும் இணைப்பது செலவில்லையா?

இணைப்பைச் செஷனில் வைக்க ஆசைப்படுவதற்கு அடியில் இருப்பது பெரும்பாலும் இந்தக் கவலைதான். முதலில் அளந்து பாருங்கள். பிடிஓ-வைத் திறக்கும் வரிக்கு முன்னும் பின்னும் நேரத்தைக் குறித்துக் கழித்தால் போதும். தரவுத்தளம் அதே கணினியில் இருந்தால் செலவு மிகக் குறைவு. இதில் ஒரு சின்ன விஷயம்: லினக்ஸில் சர்வர் முகவரியாக ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று கொடுத்தால் யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் போகும், 127.0.0.1 என்று கொடுத்தால் டிசிபி வழியாகப் போகும். இரண்டும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருப்போம்.

அளந்த பிறகும் செலவு உறுத்தினால் நிலைத்த இணைப்பு இருக்கிறது. பிடிஓ-வில் ‘பெர்சிஸ்டென்ட்’ என்ற விருப்பத்தை உண்மை என்று வைக்க வேண்டும். மைஎஸ்கியூஎல்ஐ-யில் சர்வர் பெயருக்கு முன் ‘பி’ என்ற எழுத்தும் ஒரு முக்காற்புள்ளியும் சேர்க்க வேண்டும். இணைப்பு அப்போது பிஎச்பி ப்ராசஸோடு தங்கிவிடும். அடுத்து அந்த ப்ராசஸுக்கு எந்தப் பார்வையாளரின் கோரிக்கை வந்தாலும் அதுவே பயன்படும். பார்வையாளருக்கு ஒன்று என்பதல்ல, ப்ராசஸுக்கு ஒன்று.

கணக்கை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு வெப் சர்வர்கள், ஒவ்வொன்றிலும் 50 ப்ராசஸ் என்றால் 200 இணைப்புகள். மைஎஸ்கியூஎல் வரம்பு 151-லேயே இருந்தால் நெரிசல் நேரத்தில் விழும். இன்னொன்று, முந்தைய கோரிக்கை விட்டுச்சென்ற எச்சம். மைஎஸ்கியூஎல்ஐ நிலைத்த இணைப்பை மறுபடி கொடுக்கும்போது கழுவித் துடைத்துக் கொடுக்கிறது. பிடிஓ-வில் அந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள். முந்தையவர் உருவாக்கிய தற்காலிக அட்டவணையும் போட்ட அட்டவணைப் பூட்டும் அடுத்தவர் தலையில் விடியலாம்.

படி 5: பூட்டைச் சீக்கிரம் விடுங்கள்

கோப்பில் வைக்கும் செஷனைத் தொடங்கியதும் பிஎச்பி அந்தக் கோப்பைப் பூட்டுகிறது. நிரல் முடியும் வரை அதே பயனரின் அடுத்த கோரிக்கை வாசலில் நிற்கும். செஷனைப் படித்து, மாற்ற வேண்டியதை மாற்றியதும் ‘செஷன் ரைட் க்ளோஸ்’ செயற்கூறை அழைத்துவிட்டு, அதன் பிறகு மெதுவான வினவல்களை ஓட்டுங்கள். படிக்க மட்டும்தான் தேவை என்றால், பிஎச்பி 7-லிருந்து செஷனைத் தொடங்கும்போதே ‘ரீட் அண்ட் க்ளோஸ்’ என்ற விருப்பத்தைக் கொடுக்கலாம்.

படி 6: சோதித்து வெளியிடுங்கள்

செஷனுக்குப் போகும் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு சோதனை எழுதுங்கள். ஆப்ஜெக்ட்டைக் கட்டி, தரவுத்தளத்தை ஒருமுறை தொடவைத்து, பிறகு சீரியலைஸ் செய்து, திரும்பப் படித்து, மறுபடி தரவுத்தளத்தைத் தொடவையுங்கள். முதலில் தொடவைப்பது முக்கியம். இணைப்பே திறக்காத ஆப்ஜெக்ட் சோதனையில் எளிதாகத் தேறிவிடும். கிடைத்த எழுத்துச் சரத்தில் கடவுச்சொல் இல்லை என்பதையும் அதே சோதனையில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வெளியிடும்போது பழைய செஷன்களை மறந்துவிடாதீர்கள். புதிய நிரல் போன பிறகும், பழைய கிளாஸ் வடிவில் எழுதிய கோப்புகள் சர்வரில் இருக்கும். கிளாஸின் பெயரை மாற்றியிருந்தாலோ, கிளாஸ் கோப்புகளைத் தானாக ஏற்றும் ஆட்டோலோடர் தயாராவதற்கு முன் செஷனைத் தொடங்கினாலோ, உங்கள் கூடைக்குப் பதில் ‘இன்கம்ப்ளீட் கிளாஸ்’ என்ற ஊமை ஆப்ஜெக்ட் ஒன்று வந்து நிற்கும். அணியாக வைப்பேன் என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான். அணிக்குக் கிளாஸ் பெயர் கிடையாது. அதோடு ஒரு பதிப்பு எண்ணைச் சேர்த்து வைத்தால், எண் பொருந்தாதபோது காலிக் கூடையிலிருந்து தொடங்கலாம்.

இந்த முதல் மாற்றத்துக்கு மட்டும் நான் செஷன் குக்கியின் பெயரையே மாற்றிவிடுவேன். எல்லோரும் ஒருமுறை மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கும். கூட்டம் குறைந்த இரவு நேரத்தில் செய்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பழைய கோப்புகளில் தரவுத்தளக் கடவுச்சொல் இருந்திருந்தால், அவற்றை அழித்த கையோடு கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். மறுநாள் காலை செஷன் அடைவுக்குப் போய், புதிய கோப்புகளில் ‘ஓ’வும் முக்காற்புள்ளியும் சேர்ந்து வருகிறதா என்று தேடுங்கள். ஒன்றிரண்டு வரத்தான் செய்யும். அவற்றில் இருக்கும் கிளாஸ் பெயரைக் குறித்துக்கொண்டு முதல் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.